எதிர்ப்புறம் மடிக்கவும்

எங்கள் தீவில், கெலுகோரில் சுகுமாரன் நடத்தி வந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் குப்பை கிடையாது. அவன் செய்த முதல் குற்றம் அதுதான்.

நான் அந்தக் கடையில் நெடுங்காலமாகக் கைநனைத்தவன். ஆகையால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட இலை, காய்கறித் தோல், வடித்த கஞ்சி எல்லாம் சாயங்காலம் சாக்கிலும் வாளியிலுமாக வேலுவின் மோட்டார் சைக்கிளில் ஏறிவிடும். வேலுவுக்குத் தீவில் காவல்காரர் வேலை. வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பைராம் தோட்டத்தில். அங்கே மாடு வளர்க்கிறார். மறுநாள் வேலைக்கு வரும்போது பால் கொண்டு வருவார். அதை உறைய வைத்துத்தான் சுகுமாரனின் மனைவி பிரமிளா மோர் கடைவாள். நேற்று நாம் மடித்து வைத்த இலை இன்று மோராகி நம் சோற்றிலேயே வந்து விழும். இதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. பெயர் வைக்காததால் அது சுற்றுச்சூழல் மேலாண்மை ஆகவில்லை.

போன வருடம் கடைக்கு நேரம் சரியில்லை. பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் கைப்பேசியிலேயே சாப்பாடு வரவழைக்கப் பழகிவிட்டார்கள். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை, தன் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆள் தேடியது. அந்தக் குத்தகை கிடைத்தால் கடை நிற்கும், இல்லையென்றால் மூடிவிட்டு சிங்கப்பூருக்கு யாருக்காவது சமைக்கப் போக வேண்டும் என்கிற நிலை. தொழிற்சாலைக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் பார்த்தார்கள், சப்புக்கொட்டினார்கள், இரண்டாம் தடவை ரசம் கேட்டார்கள். கடைசியில், "சாப்பாடு பிரமாதம். பசுமைச் சான்றிதழ் இருக்கா?" என்றார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி செபராங் ஜெயாவில் இருந்தார். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான பசுமை மேலாண்மை மன்றம் என்று பெயர். தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய தர்மசீலன்.

சான்றிதழுக்கு முதல் படி ஒரு நாள் பயிற்சி. சுகுமாரன் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுப் போனான். மண்டபத்தில் குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர், பிளாஸ்டிக் உறையில் பேனா, 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று அச்சடித்த பச்சைச் சட்டை ஒன்று, அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள். காலைச் சாப்பாடு வெள்ளைப் பாலிஸ்திரீன் பெட்டியில் வந்தது. டத்தோ மேடையேறினார்.

"சகோதர சகோதரிகளே, நம்ம பூமித்தாய் அழுகிறாள். போன மாசம் லங்காவி மாநாட்டுல அவள் அழுததை நானே ஸ்லைடுல பார்த்தேன். ராத்திரி குளிர்சாதனத்தைப் பதினெட்டுல வெச்சு, கம்பளி போர்த்திப் படுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கவலை. பூமி இப்படிச் சூடாகுதேன்னு. மறந்துடாதீங்க, அளக்க முடியாததை ஆள முடியாது. உங்க கடைக் குப்பையை முதல்ல அளங்க. அடுத்த வருசம் அதுல முப்பது சதவீதம் குறைச்சுக் காட்டுங்க. சான்றிதழ் உங்களத் தேடி வரும்."

சுகுமாரன் கையைத் தூக்கினான். பாவம், அவனுக்குக் கையை எப்போது கீழே வைத்திருக்க வேண்டும் என்று தெரியாது.

"டத்தோ, எங்க கடையில குப்பையே இல்லீங்க. எல்லாத்தையும் மாடு சாப்பிட்டுரும். நான் என்னத்த அளக்கறது?"

டத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"குப்பை இல்லன்னு சொல்லாதீங்க தம்பி. அது ஆணவம். என் வீட்டுலயே குப்பை இருக்கு, உங்க கடையில இல்லாமப் போயிருமா? சரி, பூஜ்யம்னே வெச்சுக்குவோம். பூஜ்யத்துல இருந்து முப்பது சதவீதம் எப்படி லா குறைப்பீங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள். சுகுமாரனும் தட்டினான். கேள்வி அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாம் படி தணிக்கை. மன்றம் ஐமான் என்ற இளைஞரை அனுப்பியது. நல்ல பிள்ளை. வந்ததும் கை கழுவி, வயிறாரச் சாப்பிட்டு, பிரமிளாவின் மோரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கைக்கணினியைத் திறந்தார். அதில் வருகிற கேள்விகளைக் கேட்பதுதான் அவர் வேலை. கேள்விகளை எழுதியவர் வேறு ஆள். கழிவை யார் எடுத்துப் போகிறார்கள் என்று மலாயில் கேட்டார். மாடு என்றான் சுகுமாரன்.

"அந்த மாட்டுக்குக் கழிவு ஏற்கும் உரிமம் இருக்கிறதா?"

சாக்கு வாங்க வந்திருந்த வேலு யோசித்துப் பார்த்தார். "உரிமம் இல்ல என்சிக். பேரு இருக்கு. லெட்சுமி."

ஐமான் அதையும் தட்டெழுதினார். கழிவுக் குத்தகையாளர், லெட்சுமி. உரிமம் இல்லை. கைக்கணினித் திரை சிவப்பாக மின்னியது. "மன்னிக்க வேண்டும் அக்கா, நான் என்ன செய்ய" என்று பிரமிளாவிடம் மெய்யாகவே வருந்திச் சொன்னார்.

அன்றிலிருந்து வேலுவின் சாக்கு நின்றது. இலைகள் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கட்டப்பட்டு, நிறம் நிறமான தொட்டிகளில் இறங்கி, லாரி ஏறிப் போயின. சாக்கு இல்லாததால் வேலு கடைப் பக்கம் வருவதில்லை. பால் நின்றது. பிரமிளா பாக்கெட் தயிர் வாங்கினாள். பாக்கெட்டுகளும் தொட்டிக்குப் போயின. மாதக் கடைசியில், 'தங்கள் கடையில் முதன்முறையாக அளவிடத்தக்க குப்பை உருவாகியுள்ளது' என்று மன்றத்திலிருந்து பாராட்டு வந்தது. பிரமிளா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவள் பேசாவிட்டால் பயப்பட வேண்டும். சுகுமாரனுக்கு அது தெரியும், மன்றத்துக்குத் தெரியாது.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த தடவை ஐமான் வந்தபோது, சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். இலைக்குள் மிச்சமிருந்த ரசம் மெதுவாக வழிந்து, நாற்காலியில் ஒரு சொட்டு விழுந்தது. ஐமான் அதைப் படம் எடுத்து மன்றத்துக்கு அனுப்பினார். மன்றம் மூன்று முறை கூடியது. தலைநகரிலிருந்து நிபுணர் வந்தார். முடிவாக ஒரு வரைபடம் பிறந்தது. இலையைத் தன்னை நோக்கி மடித்தால் திறந்த விளிம்பு மனிதன் பக்கம் இருக்கிறது, ஆகவே திரவக் கழிவு மனிதனை நோக்கிக் கசிகிறது. எதிர்ப்பக்கம் மடித்தால் மடிப்பு மனிதன் பக்கம், கசிவு மேசையின் நடுப்பக்கம். அங்கே ஒரு பிளாஸ்டிக் வடிகால் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மன்றத்துக்காரர்கள் யாராவது படிக்கலாம். சாப்பிட்ட இலையை நம் பக்கம் மடித்தால் மனம் நிறைந்தது, உறவு தொடரட்டும் என்று பொருள். எதிர்ப்பக்கம் மடித்தால் அது எழவு வீடு. இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று பொருள்.

மேசைக்கு ஓர் ஒட்டுப்படம் வந்தது. டத்தோ தர்மசீலன் இரு கை கூப்பிச் சிரிக்கும் வண்ணப் படம், அதன் கீழே: 'இலையை எதிர்ப்புறம் மடிக்கவும். பூமியைக் காக்கவும்.' கைகூப்பிய படத்தையும் மடிப்பையும் சேர்த்துப் பார்த்த ஒரு பெரியவர், பத்திரிகையில் வரும் கண்ணீர் அஞ்சலி என்றே நினைத்து, "எப்ப தவறினாரு? நல்ல மனுசனா?" என்று விசாரித்தார்.

விதியை மீறி யாராவது உள்பக்கம் மடித்தால், கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு அந்த இலையைப் பிரித்து, எதிர்ப்பக்கம் திருப்பி மடித்துவைக்க வேண்டும். சுகுமாரன் அதையும் செய்தான். புதுசாகக் கல்யாணமாகி மாமியார் வீட்டாரோடு சாப்பிட வந்த பையன் ஒருவன், தன் முதல் விருந்து இலையைக் கண்ணெதிரே ஒருவர் பிரித்து எழவுக்கு மடிப்பதைப் பார்த்து, கை கழுவாமலே வெளியே போனான். ஊரில் சுகுமாரனின் அப்பா காலமாகிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. தைப்பிங்கில் இருந்த அப்பாவுக்கே யாரோ துக்கம் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவரே எடுத்து, இன்னும் இருக்கிறேன் என்று சொல்லவேண்டியதாயிற்று.

மார்த்தா டீச்சர் தினமும் வருகிறவர். ஒருநாள் ஒட்டுப்படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சுகு, நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா இலைக்கு மதம் இல்ல பா. எங்க வீட்டுலயும் கல்லறைக்குப் போயிட்டு வந்த அன்னிக்குத்தான் இப்படி மடிப்போம். தினம் தினம் ஒருத்தரப் புதைச்சிட்டு எப்படி லா நான் சாப்பிடறது?"

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவரைப் போலப் பலர் வரவில்லை. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இலையை மடிக்காமல் நானே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு.

சான்றிதழ் வழங்கும் முன் டத்தோவே நேரில் வந்தார். நடு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டார். முடித்ததும் இலையை எந்தப் பக்கமும் மடிக்காமல் அப்படியே திறந்து போட்டுவிட்டு எழுந்தார். அவர் எங்கே சாப்பிட்டாலும் அப்படித்தானாம். எடுக்க ஆள் இருக்கும்போது நாம் ஏன் மடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சுகுமாரன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

"டத்தோ, எதிர்ப்பக்கம் மடிக்கறது எழவு வீட்டுப் பழக்கம். கஸ்டமருங்க முகம் சுளிக்கறாங்க. இந்த ஒண்ண மட்டும் மாத்திக் கொடுங்க."

"தம்பி, நான் தமிழன் இல்லையா? எனக்குத் தெரியாதா? ஆனா பழக்கவழக்கம் வேற, செயல்முறை வேற. சொல்லப்போனா பழக்கவழக்கமும் ஒரு கழிவுதான். அதையும் குறைக்கணும். இன்னொண்ணு கேட்டுக்குங்க. இந்த விதி கடைக்கு மட்டும் இல்ல. நீங்க எங்க போய்ச் சோறு போட்டாலும் பொருந்தும். கல்யாண மண்டபமா இருந்தாலும் சரி, மந்திரி வீடா இருந்தாலும் சரி. ஒரு விதிவிலக்க ஒத்துக்கிட்டா, அப்புறம் விதி எதுக்கு?"

"அப்ப வழியே இல்லீங்களா?"

"ஏன் இல்ல. கடிதம் எழுதுங்க. அடுத்த சுழற்சியில பரிசீலிக்கலாம்."

சான்றிதழ் வந்தது. குப்பையை அளந்ததற்கு மட்டும் வெண்கலத் தரம். தொழிற்சாலைக் குத்தகை வரவில்லை. அது டத்தோவின் மைத்துனர் நடத்தும் உணவு நிறுவனத்துக்குப் போயிற்று. அவர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுப்பவர்கள். பெட்டிகளை எண்ணிவிடலாம், அளந்துவிடலாம், அடுத்த வருடம் பெட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கழிவு குறைந்தது என்று காட்டிவிடலாம். ஆகவே அவர்களுக்குத் தங்கத் தரம்.

சுகுமாரன் அன்று அடுப்பைச் சீக்கிரமே அணைத்தான். வாடிக்கையும் போயிற்று, குத்தகையும் போயிற்று. ரசம் ஒரு சொட்டு விழுந்ததற்காக ஒரு மனிதனின் பிழைப்பையே கவிழ்த்துவிட்டார்களே என்று வாய்விட்டே திட்டினேன். பிரமிளா மட்டும் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை எடுத்து, துடைத்து, திரும்ப நேராக மாட்டினாள்.

"இருக்கட்டும். இது ஒரு நாளைக்குச் சோறு போடும்" என்றாள்.

அந்த நாள் அவளே எதிர்பாராத வழியில் வந்தது. டத்தோ கூப்பிட்டார். அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். செபராங் ஜெயாவில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போக்காரர்கள், பெரிய லாரி நிறுவனம், சாப்பாட்டு விஷயத்தில் கெட்டி. இலைச் சாப்பாடு போடவேண்டும்.

"உங்க மைத்துனர் கம்பெனி இருக்கே டத்தோ?" என்று சுகுமாரன் சாதாரணமாகக் கேட்டான்.

"அட போங்க தம்பி. அவன் சோத்த வாயில வைக்க முடியுமா? அது தொழிற்சாலைக்காரங்களுக்கு. இது என் குடும்பம்."

சுகுமாரன் முடியாது என்று சொல்லப்போனான். பிரமிளா கைப்பேசியை வாங்கி, "செஞ்சிரலாம் டத்தோ, மன்றத்தோட விதிப்படி ஒரு எழுத்து விடாம செஞ்சிரலாம்" என்றாள். டத்தோவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

"பொண்ணு பாவம் பிரமிளா" என்றான் சுகுமாரன் அப்புறம்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. தட்டு மாத்தி, மோதிரம் போட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பந்தி. எனக்கு வேண்டியது அப்பங்காரன்."

பரிமாற ஆள் போதாது என்று நானும் சுகுமாரனுக்குப் பயிற்சியில் கொடுத்த பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். இல்லாவிட்டாலும் போயிருப்பேன். தட்டு மாற்றினார்கள். மோதிரம் போட்டார்கள். பெண்ணும் பையனும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தலைவாழை இலை விரித்தோம். முதல் பந்தியில் டத்தோவின் ஒரு பக்கம் ஈப்போச் சம்பந்தி, மறுபக்கம் அமைச்சிலிருந்து வந்த புவான் சலேஹா. மன்றத்தின் விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோகலாமா என்று பார்க்க வந்திருந்த அதிகாரி அவர். எதிர் வரிசையில் மன்றத்து ஆட்கள், கடைசியில் ஐமான். சோறு வைக்கும் முன் டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார். அவரால் பிடிக்காமல் இருக்க முடியாது.

"புவான் சலேஹா இங்க இருக்காங்க. அவங்க முன்னால பெருமையாச் சொல்றேன். என் மகள் நிச்சயதார்த்தச் சாப்பாடும் மன்றத்தோட விதிப்படிதான் நடக்குது. ஊருக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதிங்கற ஆள் நான் இல்ல."

பிரமிளா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுத் தலையாட்டினாள். சாப்பாடு நடந்தது. அன்றைக்கு அவள் வைத்த ரசத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பாயசம் முடிந்து மோர் ஊற்றியதும், நாங்கள் வரிசையாகப் போய் ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை வைத்தோம். ஒட்டுப்படத்தில் போலவே அட்டையிலும் டத்தோ கை கூப்பிச் சிரித்தார். கீழே மூன்று மொழியிலும், எதிர்ப்புறம் மடிக்கவும்.

புவான் சலேஹா அட்டையைப் படித்து, மகிழ்ந்து, தன் இலையை வரைபடத்தில் உள்ளபடியே எதிர்ப்பக்கம் மடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். சம்பந்தி அந்த இலையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த டத்தோவைப் பார்த்தார்.

"சம்பந்தி, யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல சம்பந்தி."

"படம் உங்களோடதாத்தான் இருக்கு."

பந்தியில் ஒருவரும் எழவில்லை. வேறு யாரும் மடிக்கவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். டத்தோ எச்சில் கையோடு அடுப்படிக்கு வந்தார்.

"என்ன லா இது, தம்பி? இன்னிக்குப் போயி இதையா வெப்பீங்க? எல்லாரையும் உள்பக்கம் மடிக்கச் சொல்லுங்க."

"சொல்லலாம் டத்தோ. எங்க சான்றிதழ் போயிருமே. மண்டபமா இருந்தாலும் பொருந்தும்னு சொன்னீங்க."

"ஒரு நாளைக்கு விட்டுருங்க, பா."

"ஒரு விதிவிலக்க ஒத்துக்கிட்டா" என்று சுகுமாரன் தொடங்கினான். மீதியை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

அதற்குள் ஐமான் கைக்கணினியோடு வந்துவிட்டார். உள்பக்கம் மடித்தால் விதிமீறல் என்று பதிய வேண்டும், நிகழ்ச்சிக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் டத்தோவின் பெயர் வரும், புவான் சலேஹாவுக்கும் ஒரு பிரதி போகும் என்று மலாயில் பணிவாகச் சொன்னார். பிள்ளைக்குக் கள்ளம் கபடம் தெரியாது. விதியை ரத்து செய்தால் மட்டும் பதிய வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

"அப்ப ரத்து" என்றார் டத்தோ.

பிரமிளா கரண்டியைக் கீழே வைத்தாள். "கடிதம் எழுதுங்க டத்தோ. அடுத்த சுழற்சியில பரிசீலிக்கலாம்."

டத்தோவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது. தனக்குத் தானே கடிதம் எழுத அவருக்குக் காகிதம் கிடைக்கவில்லை. தன் படம் போட்ட அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதினார். காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஐமான் கைக்கணினியை நீட்டினார். டத்தோ, பண்பாட்டுக் காரணம் என்று போடச் சொன்னார். அப்படியொரு காரணம் பட்டியலில் இல்லை, பண்பாடு 'கழிவு' என்ற தலைப்பில் இருக்கிறது என்றார் ஐமான். மிச்சமிருந்தது ஒன்றுதான். 'விதி தவறாக இயற்றப்பட்டது.' டத்தோ அதில் விரலை வைத்தார். ரசக்கறை திரையில் ஒட்டியது.

"மாட்டையும் சேர்த்து எழுதுங்க" என்றாள் பிரமிளா.

"எந்த மாடு?"

"லெட்சுமி. அவளுக்கு உரிமம் வேணாம்னு."

எழுதினார். பிறகு அதை ஒலிவாங்கியில் அவரே வாசிக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். சம்பந்தி நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டதால் அவர் யோசிக்காமல் வாசித்தார். தவறாக இயற்றப்பட்டது என்ற இடத்தில் மட்டும் குரல் உள்ளே போயிற்று. "கேக்கல" என்றார் ஈப்போக்காரர். இன்னொரு முறை வாசித்தார். புவான் சலேஹா பக்கத்தில் இருந்தவரிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, தன் கைப்பேசியில் இருந்த படத்தை அழித்தார்.

சம்பந்தி இலையைத் தன் பக்கம் மடித்தார். வரிசை முழுவதும் மடித்தது. புவான் சலேஹாவும் தன் இலையைப் பிரித்து உள்பக்கம் மடித்தார். எழுந்து கை கழுவி வந்த சம்பந்தி, கல்யாணச் சாப்பாட்டை மட்டும் பேசவில்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் தன் லாரிப் பட்டறை ஆட்களுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு போட முடியுமா என்று கேட்டார். சான்றிதழ் பற்றிக் கேட்கவில்லை. ரசம் இதே மாதிரி இருக்குமா என்று மட்டும் கேட்டார். "இருக்கும்" என்றாள் பிரமிளா.

பின்வாசலில் வேலுவின் மோட்டார் நின்றது. நாங்கள் இலைகளை எடுத்துச் சாக்கில் போட்டோம். எல்லாம் உள்பக்கம் மடித்த இலைகள். ஒன்று மட்டும் மடிக்காமல் திறந்து கிடந்தது. டத்தோ வழக்கம்போல அப்படியே போட்டுவிட்டு எழுந்திருந்தார். எடுக்க ஆள் இருக்கும் அல்லவா.

பிரமிளா வந்தாள். டத்தோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இலையை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், எதிர்ப்புறம் மடித்துச் சாக்கில் வைத்தாள்.